சூளைச் சூட்டில் நின்ற கதவு

எங்கள் காருக்கும் எனக்கும் ஒரே மழைக்காலத்தில் கை தூக்க முடியாமல் போயிற்று. எனக்கு வலது தோள். அதற்குப் பின்கதவு.

கார் என்றால் இப்போது தெருவில் ஓடுகிறவை மாதிரி இல்லை. நான் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் செய்த வண்டி. பின்சீட்டைத் தாண்டியும் சாமான் வைக்க நீளமாக இடம் இருக்கும். அதற்கு ஒரே பலகையாக ஒரு கதவு. கீல் மேலே இருக்கும், கீழிருந்து தூக்கித் திறக்க வேண்டும். என் வீட்டுக்காரர் அதைப் புதுச்சேரியில் யாரோ ஒருவருடைய கொட்டகையில் பார்த்துவிட்டு, பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி முகமெல்லாம் மலர்ந்து வந்தார். சாப்பிடும்போதும் அதைப் பற்றியே பேச்சு. கடைசியில் இழுத்துக்கொண்டு வந்தே விட்டார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அந்த முகம் அப்படி மலர்ந்ததாக எனக்கு நினைவில்லை. இதை அவரிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

விருத்தாசலத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பீங்கான் பட்டறை இருக்கிறது. சூளையும் மெஷினும் அவர் பொறுப்பு. அச்சு, பூச்சு, விற்பனை என் பொறுப்பு. கார்த்திகை நெருங்கினால் அகல்விளக்கு, மற்ற நாட்களில் ஊறுகாய் ஜாடியும் பொம்மையும். செவ்வாயும் வெள்ளியும் நானே காரில் ஏற்றிக்கொண்டு பெண்ணாடம், நல்லூர், கம்மாபுரம் என்று சுற்றிக் கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவேன்.

அந்த இரண்டு நாள்தான் எனக்கு உயிர். வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை. வீட்டில் நான் ஒருத்திக்கு அம்மா, ஒருத்திக்கு அண்ணி, பட்டறையில் முதலாளியம்மா. ரோட்டில் நான் யாருக்கும் எதுவும் இல்லை. கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்து போகும்போது வாய்விட்டுப் பாடுவேன். என் பாட்டுக்கு முகம் சுளிக்க வண்டியில் ஆள் கிடையாது. வெள்ளாற்றுப் பாலம் வந்தால் ஓரமாக நிறுத்தி, சுகர் இருக்கிறவளுக்கு வீட்டில் கிடைக்காத, சர்க்கரை போட்ட டீ ஒன்று குடிப்பேன். இதை வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை.

ஐப்பசியில் தோள் இறுகிவிட்டது. முதலில் ஜாக்கெட் கொக்கி மாட்டும்போது சுருக்கென்றது. பிறகு பரணில் இருக்கிற டப்பா எட்டவில்லை. டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன், அதற்கு மேல் அவர் தூக்கினார், நான் கத்தினேன். “தோள்பட்டை இறுகிப்போச்சும்மா. சுகர் இருக்கிறவங்களுக்கு வரும். தானா சரியாவும், ஆனா மாசக் கணக்குல ஆவும்” என்றார். சுவரில் விரலால் ஏணி ஏறுவதுபோல ஏறிப் பழகச் சொன்னார். நானும் தினமும் ஏறினேன். ஜன்னல் கம்பி உயரம்கூடத் தாண்டவில்லை.

எவ்வளவு தூரம் கை வருகிறது என்று வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இடது கையால் தலை வாரினேன். அதற்குக் காரணம் உண்டு. காரின் பின்கதவுக்கு இரண்டு கையும் வேண்டும். கைப்பிடி தேய்ந்து போனது. இடது கையால் திருகிப் பிடித்துக்கொண்டு வலது கையால் தூக்க வேண்டும். கனத்த இரும்புக் கதவு. மேலே போனதும் ஒரு முட்டுக்கம்பியைக் கொடுத்து நிறுத்த வேண்டும். அந்தக் கம்பியும் அந்த மாதம் பார்த்து முறிந்தது. கை தூக்க முடியவில்லை என்று தெரிந்தால் அடுத்த பேச்சு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது.

“எதுக்கு இந்தப் பாடு? நானும் கூட வரேன். நீ ஓட்டு, கதவை நான் தொறந்து வுடறேன்” என்றார் வீட்டுக்காரர்.

“சூளையை யாரு பாக்கறது?”

“அப்ப ஒரு டிரைவரைப் போட்டுடலாம். நீ வூட்ல இருந்து போன்ல ஆர்டர் எடு.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் போனில் ஆர்டர் எடுக்கிற முதலாளியம்மாவாக நாற்காலியில் உட்கார்ந்த என்னை நானே பார்த்தேன். பாட்டு போயிற்று, பாலம் போயிற்று, டீ போயிற்று. “முடியாது. கதவைத்தான் சரி பண்ணணும், என்னை இல்ல” என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அவர் யோசித்தார். மனிதருக்கு மெஷின் என்றால் மூளை தனியாக வேலை செய்யும். இப்போது வருகிற கார்களின் டிக்கிக் கதவைத் தொட்டால் தானாக மேலே போகிறதே, அதற்கு இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு குழல் இருக்கும். மெக்கானிக்குகள் டிக்கி ஷாக் என்பார்கள். இவர் படித்தவர் அல்லவா, கேஸ் ஸ்ட்ரட் என்றுதான் சொல்வார். குழலுக்குள் அழுத்தத்தில் வாயு அடைத்திருக்கும். அது தண்டை வெளியே தள்ளும், தண்டு கதவைத் தூக்கும். நம் பழைய வண்டிக்கும் அதை வைத்துவிடலாம் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: “தீபத்துக்குள்ள இது ஒத்து வரலன்னா, டிரைவரைப் போட்டுருவேன். அப்புறம் சண்டை புடிக்கக் கூடாது.” நான் சரி என்றேன். கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு யோசித்துத் தலையாட்டவில்லை.

பழைய வண்டிக்கு அளவெடுத்து எவனும் ஸ்ட்ரட் செய்து வைத்திருக்க மாட்டான். அதனால் வாயுவைத் திறந்துவிட்டுக் குறைத்துக்கொள்கிற வகை ஒன்றை வரவழைத்தார். அது வரும்போது வேண்டியதைவிட அதிக அழுத்தத்தோடு வரும். குழலின் முனையில் ஒரு சின்ன திருகு. அதை மயிரிழை திருப்பினால் புஸ்ஸென்று கொஞ்சம் வாயு போகும். மாட்டிப் பார்க்க வேண்டும், அதிகமாக இருந்தால் மறுபடி புஸ். ஆனால் விட்டது விட்டதுதான், திருப்பி அடைக்க முடியாது. குழம்பில் போட்ட உப்பு மாதிரி. அதைச் சொல்லித்தான் எனக்கு விளக்கினார், எனக்கும் அப்படித்தான் புரிந்தது.

வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. காரை எங்கே நிறுத்தி வேலை செய்வது என்ற கேள்வியே எங்கள் வீட்டில் எழவில்லை. ஈரமான எதுவும் எங்களுக்குச் சூளை ஷெட்டுக்குத்தான் போகும். துவைத்த துணி, நனைந்த செருப்பு, வடாம், பிள்ளையின் ஸ்கூல் பை, ஒருமுறை நனைந்துபோன டிரான்சிஸ்டர் ரேடியோ, எல்லாம் சூளை ஓரமாக ஒரு மணி நேரம் இருந்தால் சரியாகிவிடும். காரும் போயிற்று. அன்று சூளையில் அகல்விளக்கு வெந்துகொண்டிருந்தது. வெளியே ஸ்வெட்டர் போடலாம் போல இருக்கும்போது ஷெட்டுக்குள் அவர் பனியனோடு நின்று வேர்த்து ஒழுகினார்.

முதலில் மாட்டியதும் கதவு அவரைக் கேட்காமலேயே மேலே பாய்ந்தது. சாத்தப் போனால் எதிர்த்துத் தள்ளியது. பழைய தகரம், முறுக்கிக்கொள்ளும் என்று பயந்து இரண்டு குழலையும் கழற்றி, இந்தப் பக்கம் ஒரு புஸ், அந்தப் பக்கம் ஒரு புஸ். மறுபடி மாட்டினார். இன்னும் ஒரு புஸ். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போன பிறகு என்னைக் கூப்பிட்டார். ஒற்றை விரலால் கதவைத் தொட்டார். அது மெதுவாக, கௌரவமாக எழுந்து மேலே போய் நின்றது. ஒற்றைக் கையால் இழுத்தார், இறங்கிச் சாத்திக்கொண்டது.

“எப்படி?” என்றார்.

எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். “இந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணும்” என்றேன். அவர் பனியனில் கையைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் அந்தக் கதவையே பார்த்தபடி நின்றார்.

அடுத்த செவ்வாய் காலை பெண்ணாடம். தூறல், சிலுசிலுவென்று காற்று. நான் வழக்கமாக விளக்கு போடுகிற கடை ஒரு பெண்மணியுடையது, என்னைவிடக் கொஞ்சம் இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கடை வாசலில் நிறுத்திப் பின்கதவைத் திறந்தேன். எழுந்தது, ஆனால் முக்கால் தூரத்தில் தயங்கியது. சரி, புதுசு, கூச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். குனிந்து விளக்குப் பெட்டியை இடது கையில் அணைத்து இழுத்தபோது முதுகில் ஏதோ வந்து உட்கார்ந்தது. கதவு. சத்தமே இல்லாமல் இறங்கி வந்து என்னைக் காருக்குள் வைத்து மெல்ல மூடிக்கொண்டிருந்தது.

“ஐயோ, இன்னாக்கா இது, கதவு தானா எறங்குது!” என்று அவள் ஓடி வந்து தூக்கிப் பிடித்தாள். பெட்டியை நான் விடவில்லை. விட்டிருந்தால் அத்தனை விளக்கும் நொறுங்கியிருக்கும். அவள் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் கொதித்தது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் காரை ஷெட்டில் விட்டுவிட்டு, “வாங்க, உங்க கௌரவமான கதவை வந்து பாருங்க” என்றேன். கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு அரை மணி கழித்து வந்தார். தொட்டார். அது எழுந்து போய் நின்றது. காத்திருந்தோம். சூளை உறுமிக்கொண்டிருந்தது. கதவு அசையவில்லை.

“நிக்குதே?” என்றார்.

“காலையில நிக்கல.”

“பொட்டியை எடுக்கறப்ப நீ இடிச்சிருப்ப.”

பல்வலி டாக்டரைப் பார்த்ததும் காணாமல் போகுமே, அப்படி ஆயிற்று என் கதை. வெள்ளிக்கிழமை நல்லூரில் மறுபடி இறங்கியது. அங்கே கடைக்காரர் ஒரு மூங்கில் கழி கொடுத்தார், முட்டுக் கொடுத்துக்கொண்டு சாமான் இறக்கினேன். மத்தியானம் கம்மாபுரம் போனபோது மேகம் கலைந்து வெயில் சுள்ளென்று அடித்தது. கதவு சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது. கழியைக் கையில் வைத்துக்கொண்டு நான்தான் முட்டாள் மாதிரி நின்றேன். அந்தக் கடைக்காரர் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று பல வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறவர். “பயப்படாதம்மா, எங்க ஊர்ல வரும் வரும்பாங்க, எதுவும் சட்டுனு வராது” என்றார் கதவைப் பார்த்து.

அன்று சாயங்காலமும் ஷெட்டில் அது நின்றது. வீட்டுக்காரர் இந்த முறை என்னைக் கிண்டல் பண்ணவில்லை. அதுதான் மோசம். குரலைத் தாழ்த்தி, “கதவு நல்லாத்தான் இருக்குது. உனக்குக் கை முடியல, அதான் முழுசா மேல ஏத்தாம வுடற. ஒத்துக்கறதுல என்ன இருக்குது? தீபமும் வந்துருச்சு. நான் ஒரு ஆளைப் பாக்கறேன்” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கத்தில் வருவது இல்லை, நாம் சொல்வதை நம் ஆளே நம்பவில்லையே என்கிற ஆத்திரத்தில் வருவது. கதவு பொய் சொன்னால் நான் செவ்வாயும் வெள்ளியும் போகலாம். நான் பொய் சொன்னால் வீட்டில் உட்கார வேண்டும். அந்த இரும்புக்கும் எனக்கும் நடுவில் அவர் இரும்பை நம்பினார். அன்றைக்கு அவருக்குத் தோசை ஊற்றினேன், சட்னி அரைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சூளைக்கு விடுமுறை. வெந்ததை எல்லாம் பிரித்து எடுத்தாகிவிட்டது, அடுத்த அடுக்கு இன்னும் காயவில்லை. ஷெட்டு ஜில்லென்று கிடந்தது. காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். ஷெட்டிலிருந்து “ஆ” என்று ஒரு சத்தம். ஓடிப் போனேன். காரின் பின்பக்கத்தைப் பெருக்கலாம் என்று கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டவர், துடைப்பத்தோடு குனிந்தபடியே கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றார். மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. அவர் முதுகின்மேல் கதவு சாவகாசமாக இளைப்பாறிக்கொண்டிருந்தது.

“நிக்குதே?” என்றேன்.

அவர் கதவைத் தூக்கினார், கையை எடுத்தார், அது இறங்கியது. மறுபடி தூக்கினார், இறங்கியது. அணைந்து கிடந்த சூளையைத் திரும்பிப் பார்த்தார். குழலைத் தொட்டார், அதுவும் ஜில்லென்று இருந்தது. அப்போதுதான் இருவருக்கும் ஒன்றாகப் புரிந்தது. சூளைப் பக்கத்துச் சூட்டில் உள்ளே இருந்த வாயு பெருத்துப்போய் அதிகமாகத் தள்ளியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இவர் புஸ் புஸ்ஸென்று திறந்துவிட்டிருக்கிறார். வெளியே குளிரில் போனதும் மிச்சம் இருந்தது போதவில்லை. வெந்தால் மண் எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் பார்த்து அதற்கேற்ற மாதிரி அச்சைப் பெரிதாகச் செய்கிற பிழைப்பு எங்களுடையது. சூடு எதை என்ன செய்யும் என்று எங்களுக்குச் சொல்லித்தர ஆள் வேண்டாம். ஆனால் காரையும் நனைந்த செருப்பு மாதிரி சூளைப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு, அது சூடாகும் என்பதை மட்டும் மறந்துவிட்டோம். இந்த ஊரில் எங்களைப் போன்றவர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு.

“நீ அப்பவே சொன்ன, நான்தான்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. “கொஞ்சம் டீ போடேன்” என்பதுதான் அதற்குப் பதில். போட்டேன். இஞ்சி தட்டிப் போட்டேன்.

அடுத்த நாள் விடிந்தும் விடியாததுமாகக் காரை வெட்டவெளியில், முற்றத்தில் நிறுத்தினார். மழை விட்டிருந்தது. பனி இறங்கிக் கூரையெல்லாம் நனைந்திருந்தது. போன வாயுவைத் திருப்பி அடைக்க முடியாது, ஆனால் ஸ்ட்ரட் கதவைப் பிடிக்கிற இடத்தை மாற்றலாம் என்றார். கீலிலிருந்து அந்தப் பிடி எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அந்த அளவுக்குத் தூக்கும் பலம் கூடும். ஆனால் குழலின் நீளம் மாறாது, அதனால் கதவு முன்போல முழுசாக மேலே போகாது. கொஞ்சம் தாழ்ந்தே நிற்கும்.

“எவ்வளவு தாழ நிக்கலாம்? கையைத் தூக்கிக் காட்டு” என்றார், கையில் சாக்பீஸோடு.

எனக்குத் தயக்கமாக இருந்தது. ஆனால் இதற்கு மேல் மறைத்தால் கதவு எனக்குக் கிடைக்காது. தூக்கினேன். வலி வந்த இடத்தில் நின்றேன். என் கை நெஞ்சுக்கு மேலே வரவில்லை.

அவர் சாக்பீஸை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார். “இவ்வளவுதானா?” என்றார்.

“இவ்வளவுதான்.”

“தலை எப்படி வார்ற?”

“இந்தக் கையால.”

காரின் ஓரத்தில் என் கை உயரத்துக்கு ஒரு கோடு போட்டார். பிறகு குனிந்து வேலை பார்க்க ஆரம்பித்தார். துளை போட்டார், பிடியை இறக்கினார், மாட்டினார், கழற்றினார். நான் காபி கொண்டுவந்து வைத்தபோது அது ஆறுவதுகூடத் தெரியாமல் இருந்தார். முதல் தடவை ஷெட்டில் அவர் பார்த்ததெல்லாம் அவருடைய கைக்கு, அவருடைய உயரத்துக்கு. எனக்குப் போதுமா என்று என் கையை வைத்துப் பார்க்கவே இல்லை. அது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். “இதைக் கட்டு.”

“எதுல?”

வலது கையை முழங்கை வரைக்கும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டார். “இப்படியே சேத்துக் கட்டு. நல்லா இறுக்கு.”

கட்டினேன். அவர் நெஞ்சைச் சுற்றி, என் இடது கையும் பல்லும் வைத்து முடிச்சுப் போட வேண்டியிருந்தது. அப்படியே முழங்கால் மடக்கி என் உயரத்துக்குத் தாழ்ந்துகொண்டு, இடது கையால் கைப்பிடியைத் திருகி, கட்டிய வலது கையால் எவ்வளவு எட்டுமோ அவ்வளவு தூக்கிப் பார்த்தார். போதவில்லை. இன்னும் கொஞ்சம் பிடியை மாற்றினார். மறுபடி என்னைக் கட்டச் சொன்னார். மறுபடி தாழ்ந்து, திருகி, தூக்கி. முகம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவர் பட்ட பாட்டைப் பார்த்தபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இத்தனை நாள் நான் தனியாகப் பட்டதை அவர் ஒரு காலையில் பட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் கூரையைத் தொடும் முன்னால் கதவு எழுந்தது. குளிரிலேயே எழுந்தது, குளிரிலேயே நின்றது. முன்பைவிடத் தாழ்வாக நின்றது. என் சாக்பீஸ் கோட்டு உயரத்தில் பிடித்து இழுத்துச் சாத்துகிற மாதிரி அதிலிருந்து ஒரு பட்டையும் தொங்கியது. அவர் நிமிர்ந்தபோது கதவு நெற்றியில் இடித்தது. இனிமேல் அந்தக் காருக்குப் பின்னால் அவர் குனிந்துதான் வர வேண்டும்.

நான் ஒருமுறை திறந்து பார்த்தேன். வலிக்கவில்லை. மூடினேன், மறுபடி திறந்தேன். சும்மாதான்.

மறுநாள் செவ்வாய், தீபத்துக்கு முந்தைய கடைசிச் சுற்று. விளக்குப் பெட்டிகளை அவரே ஏற்றினார். கடைசிப் பெட்டியை வைத்துவிட்டுத் துண்டால் கையைக் கட்டச் சொல்லி, அந்த அதிகாலைப் பனியிலும் ஒருமுறை சோதித்துவிட்டுத்தான் விட்டார். நான் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகினேன். ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் அவர் ஜன்னலுக்கு வந்து “நானும் வரட்டுமா?” என்று கேட்பார். அன்று கேட்கவில்லை.

“போயிட்டு வரேன்” என்றேன்.

“டீக்குச் சக்கரை கம்மியாப் போடச் சொல்லு” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டியை எடுத்தேன். தெருமுனையில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். வாசலில் நின்றிருந்தார். கட்டிய துண்டை இன்னும் அவிழ்க்கவில்லை. வலது கை வராததால் இடது கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.